தூக்க முடியாத மலை

கேள்வி: கற்பனை உலகத்தில் நடக்கும் ஒரு தொடர்கதை எழுதுகிறேன். அதில் வரும் கடவுளால் முடியாதது எதுவும் இல்லை. "அப்போ அவராலேயே தூக்க முடியாத மலையை அவரால் படைக்க முடியுமா?" என்று தம்பி மடக்குகிறான். முடியும் என்றாலும் மாட்டுகிறேன், முடியாது என்றாலும் மாட்டுகிறேன். கடவுளையே தூக்கிவிடட்டுமா?
- வாசகி, ஒத்தக்கடை

பதில்: பாவம், அவர் இருக்கட்டும். இது பழைய மடக்கு. 13-ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ இறையியல் அறிஞர் தாமஸ் அக்வினாஸ் வழி சொல்லிவிட்டார்: எல்லாம் வல்லவர் என்றால் நடக்கக்கூடிய எதையும் செய்ய வல்லவர், தனக்குத்தானே முரண்படுவது 'நடக்கக்கூடியது' என்ற கணக்கிலேயே வராது. எதையும் தூக்குகிறவரால் தூக்க முடியாத மலை என்பது நாலு மூலை வட்டம் மாதிரி வெறும் சொற்கூட்டம். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, கடவுள் நினைத்திருந்தால் கணக்கின் உண்மைகளே வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார். அவர் வழியில் போனால் தம்பியின் வாயை அடைத்துவிடலாம், ஆனால் உங்கள் நாயகி செத்தும் சாகாமலும் இருக்கலாம் என்று ஆகிவிட்டால் அப்புறம் எவன் கவலைப்பட்டுப் படிப்பான்?

என்னைக் கேட்டால், மலை பெரிய சிக்கலே இல்லை. இவ்வளவு வல்லவர் மூன்றாவது அத்தியாயத்திலேயே வில்லனை ஏன் முடிக்கவில்லை? வாசகர் கேட்கப்போவது அதைத்தான். பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரைக்கு ஒரு நடை போய் வாருங்கள் (8-ஆம் நூற்றாண்டுக் கோயில்). மனிதனாலும் விலங்காலும் சாகக்கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது என்று இரணியன் வாங்கியது பிரம்மா கொடுத்த வரம். திருமால் நினைத்திருந்தால் அதை ஒரே சொல்லில் ரத்து செய்திருக்கலாம். செய்யாமல், ஒவ்வொரு நிபந்தனைக்கும் இடுக்கு தேடி, அந்தி நேரத்தில், வாசற்படியில், சிங்கமுகத்தோடு வருகிறார். செய்ய முடிந்தும் செய்யாமல் இருப்பதில் தர்க்கப் பிழை ஒன்றுமில்லை, கதையும் சூடுபிடிக்கிறது. ஆனால் வரத்தை முன்னாடியே சொல்லிவிட வேண்டும். கடைசி அத்தியாயத்தில் "இப்படி ஒரு விதி உண்டு" என்று நீட்டினால் அது ஏமாற்று.

ஒரு எச்சரிக்கை. 'எல்லாம் அறிந்தவர்' என்றும் எழுதியிருந்தால் அதை முதலில் அடித்து நீக்குங்கள். பஸ்மாசுரனுக்கு வரம் கொடுத்துவிட்டு சிவனே ஓட வேண்டி வந்ததே, கொடுக்கும்போதே அவருக்குத் தெரியாதா? திருவிளையாடல் என்று பக்தர்கள் சமாதானமாகிவிடுவார்கள், தொடர்கதை வாசகர்கள் ஆக மாட்டார்கள். அதோடு, நாளை தான் செய்யப்போவதை இன்றே தவறாமல் அறிந்தவரால் நாளைக்கு மனசை மாற்றிக்கொள்ள முடியுமா என்ற கேள்வியும் வரும். மலையை விட அது பெரிய தலைவலி.