ஈயம் வைப்பதா, லக் செருகுவதா? கிட்டார் கேபினெட் ஒயரிங்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கேபினெட்டில் ஸ்பீக்கர் மாற்றப்போகிறேன். சால்டர் (ஈயம்) வைக்காமல் லக், அதாவது ஒயர் நுனியில் அழுத்தி ஸ்பீக்கர் முனையில் செருகும் உலோகக் கவ்வி, போட்டால் டோன் கெடும் என்கிறார்களே?

பதில்: கெடாது தம்பி. 100 வாட்ஸ் ஆம்ப், 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் ஒயரில் ஓடுவது சுமார் 3.5 ஆம்பியர். இறுக்கமாக உட்கார்ந்த லக் அதைத் தாராளமாகத் தாங்கும். பெட்டி வண்டியில் ஏறி இறங்கி, உள்ளே அதிர்ந்து அதிர்ந்து லக் தளர்ந்த பிறகுதான் தொல்லை.

கேள்வி: தளர்ந்தால் சத்தம் விட்டு விட்டு வரும், அவ்வளவுதானே?

பதில்: வால்வ் ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகள் உள்ள ஆம்ப்) என்றால் அப்படி விட்டுவிட முடியாது. ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியில் லக் கழன்றால் ஆம்புக்கு லோடே இல்லை. வாசிக்க வாசிக்க அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, இன்சுலேஷன் போய்விடலாம். நான்கு 16 ஓம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாக சீரிஸில் போட்டு, இரு ஜோடியையும் பேரலலில் சேர்த்தால் மொத்தம் 16 ஓம். அதில் ஒரு லக் கழன்றால் அதன் ஜோடியும் சேர்ந்து ஊமையாகும், லோடு 32 ஓம். நண்பரின் பெட்டி ஒன்று இப்படிப் பாதிச் சத்தத்தில் வந்தது. பின்பலகையைக் கழற்றி லக்கை விரல் நுனியால் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. உள்பக்கம் கருத்திருந்தது.

கேள்வி: சார், கடையில் எந்த லக் கேட்பது?

பதில்: முதலில் ஸ்பீக்கர் முனையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 2.8, 4.8, 5.2, 6.3 மி.மீ. என்று பல அளவு உண்டு. சில ஸ்பீக்கரில் பிளஸ்ஸும் மைனஸும் வேறு வேறு அகலம். கட்டிங் பிளையரால் நசுக்காமல் கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். ஒயருக்கு முன்கூட்டியே ஈயம் பூச வேண்டாம். அழுத்தத்தில் ஈயம் மெல்ல விலகி, பிடி தளர்ந்துவிடும். அழுத்தியதும் நன்றாக இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஈயம் வைத்தால் சூட்டில் ஸ்பீக்கர் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: சின்ன சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு நெடுநேரம் சுடுவதுதான் ஆபத்து. அந்தச் சூடு கோனுக்கு (ஸ்பீக்கரின் காகிதக் கூம்புக்கு) போகும் பின்னல் கம்பியின் இணைப்பு வரை ஏறும். 50, 60 வாட்ஸ் அயர்ன், அகலமான நுனி எடுங்கள். 63/37 ஈயம் (63% வெள்ளீயம், 37% காரீயம்) 183 டிகிரி செல்சியஸில் உருகும். முனை, ஒயர் இரண்டிலும் முதலில் மெல்லப் பூசி, ஒயரைத் துளையில் கோத்து மடக்கி, மூன்று விநாடி சுட்டால் ஈயம் தண்ணீர்போல் ஓடிப் பரவும். அது இறுகும்வரை ஒயர் அசையக் கூடாது. கோன் மேல் ஒரு அட்டை போட்டுக்கொள்ளுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் காகிதம் பொசுங்கும். குழாய் வேலைக்கான ஆசிட் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்டத் தடவும் பொருள்) வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நீங்கள் எதைச் செய்வீர்கள்?

பதில்: மேடைக்குப் போகும் பெட்டிக்கு ஈயம். வீட்டில் ஸ்பீக்கர் மாற்றி மாற்றிக் கேட்கும் பெட்டிக்கு லக். ஆம்பிலிருந்து வரும் கேபிளைச் செருகும் ஜாக் பக்கம் எப்போதும் ஈயம்தான். ஈயம் ஏறிய இடத்தில் ஒயர் விறைத்து, அதன் ஓரத்தில்தான் முறியும். அதனால் முனையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி ஒயரை ஒரு கேபிள் டை போட்டுக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: பிளஸ், மைனஸ் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கோன் வெளியே வரும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்கள் பலவற்றில் இது தலைகீழ், அப்புறம் குழம்ப வேண்டாம். பெட்டிக்குள் எல்லாக் கோனும் ஒரே பக்கம் நகர்ந்தால் சரி.