அலுவலகம் அருகிலா, நகரத்துக்குள்ளா? சென்னையில் வாடகை வீடு: கேள்வி பதில்

பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில், ஊழியர் போக்குவரத்துப் பிரிவில் 18 ஆண்டுகள் இருந்தேன். எந்த வண்டி யார் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று ரூட் ஷீட் போடுவதுதான் என் வேலை. அந்த அனுபவத்தைக் கொண்டு பதில் சொல்கிறேன். வரி, வீட்டுக்கடன், மனை அங்கீகாரம் ஆகியவை என் துறை அல்ல.

கேள்வி: எனக்குச் சிறுசேரி சிப்காட்டில் வேலை, வாரத்தில் மூன்று நாள் நேரில் போக வேண்டும். மனைவிக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை, ஆறு நாளும் போக வேண்டும். பெரம்பூரில் என் பெற்றோருடன் இருக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் எங்கே வீடு பார்க்கலாம்?

பதில்: வரைபடத்தில் கோடு போட்டு நடுப்புள்ளியைத் தேடாதீர்கள். நடுவில் குடியேறிய தம்பதியரில் பெரும்பாலோர், இருவருமே களைத்துப்போய் ஓராண்டுக்குள் வேறு வீடு தேடியதை நான் பார்த்திருக்கிறேன். முகவரி மாற்றப் படிவங்கள் என் மேசைக்குத்தான் வரும்.

உங்கள் மனைவிக்கு இப்போதுள்ள வசதி உங்கள் கண்ணில் படவில்லை. பெரம்பூரில் மின்சார ரயில் ஏறினால் பட்டரவாக்கத்தில் இறங்கலாம். தொழிற்பேட்டை அங்கிருந்து பக்கம். வாரத்தில் ஆறு நாள் போகிறவருக்கு இது கிடைத்திருக்கும்போது, மூன்று நாள் போகிறவருக்காக அதைக் கலைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைவிட முக்கியமாக, மாலை மூன்றரை மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருபவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. தாத்தா பாட்டி என்றால், வீட்டை மாற்றியதும் அந்த ஏற்பாடு போய்விடும். அதற்கு ஈடாக ஆயாவுக்கோ குழந்தைகள் காப்பகத்துக்கோ ஆகும் செலவையும் வாடகையோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

ஆகவே குடும்பம் பெரம்பூரிலேயே இருக்கட்டும். உங்கள் மூன்று நாட்களையும் அடுத்தடுத்து வரும்படி மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள். நடு இரண்டு இரவுகளுக்கு நாவலூர்ப் பக்கம் நண்பர்களோடு பங்கு அறை எடுத்துக்கொள்ளலாம். அது ஒத்துவராது என்றால் ஆதம்பாக்கம், ஆலந்தூர், நங்கநல்லூர் வட்டாரத்தைப் பாருங்கள். மனைவி மெட்ரோவில் திருமங்கலம் வரை போய் அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். உங்களுக்கு நிறுவன வண்டி அந்தப் பக்கம் வருகிறதா என்பதை வீடு பார்ப்பதற்கு முன்பே போக்குவரத்துப் பிரிவில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் வேலை, சிறுசேரி. வயது 22. வேளச்சேரியில் நண்பர்களுடன் இருக்கலாமா, அலுவலகம் அருகில் விடுதியா?

பதில்: ஆறு மாதம் விடுதி. பயிற்சி முடிந்ததும் உங்களைத் தரமணிக்கு அனுப்புவார்களா, பெங்களூருக்கு அனுப்புவார்களா என்பது அவர்களுக்கே தெரியாது. அதுவரை எந்த வீட்டுக்கும் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: தாழம்பூரில் அடுக்குமாடி வீடு, 24 மணி நேரமும் தண்ணீர் உண்டு என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: தண்ணீர் வரும். எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. செம்மஞ்சேரியோடு சென்னை மாநகராட்சியின் எல்லை முடிந்துவிடுகிறது. 2011 விரிவாக்கத்தில் அதுவரைதான் உள்ளே வந்தது. அதைத் தாண்டிய நாவலூர், தாழம்பூர், சிறுசேரி எல்லாம் செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சிகள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறதே என்று புரோக்கர் சொல்வார். நிலையம் இருப்பது உண்மை. அதன் குழாய் அந்த அடுக்ககத்தின் சம்பு (நிலத்தடித் தொட்டி) வரை வந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆழ்துளைக் கிணறும் லாரியும்தான் கதி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, ஓ.எம்.ஆர். சாலையில் சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதை மறந்துவிட வேண்டாம்.

வீடு பார்க்கப் போகும்போது கூடத்தின் அகலத்தைப் பார்ப்பதற்கு முன் குளியலறைக்குப் போங்கள். குழாயின் வாயில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, கண்ணாடித் தடுப்பில் துடைத்தும் போகாத புள்ளிகள் இருக்கின்றனவா, வாளியின் உள்விளிம்பு சொரசொரவென்று இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு பராமரிப்புக் கட்டண ரசீதுகளில் மே மாதத்து ரசீதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். லாரிச் செலவு அதில்தான் தெரியும். தண்ணீரை விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் குடியிருந்தால் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு குறையுமா?

பதில்: பழைய வரி முறையில் சென்னை உள்ளிட்ட சில பெருநகரங்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 விழுக்காடு, மற்ற ஊர்களுக்கு 40 என்பது உச்சவரம்பு, புதிய முறையில் அந்த விலக்கே கிடையாது. மேற்கொண்டு உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி: அலுவலகம் துரைப்பாக்கம். அடையாறா, படூரா? அடையாறிலிருந்து தூரம் குறைவு.

பதில்: தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் காலைக் கூட்டம் நகரத்தை நோக்கி வரும். ஓ.எம்.ஆர். சாலையில் காலைக் கூட்டம் நகரத்தைவிட்டு வெளியே போகும், ஏனென்றால் அலுவலகங்கள் வெளியே இருக்கின்றன. அடையாறில் இருப்பவர் காலையிலும் மாலையிலும் கூட்டத்தோடு சேர்ந்தே நகர வேண்டும். அலுவலகத்தையும் தாண்டித் தெற்கே படூரில் குடியிருப்பவர் எதிர்த்திசையில் வருவார். என் ரூட் ஷீட்டில் மயிலாப்பூர் வண்டி தாமதமாக வந்த நாட்களிலும் திருப்போரூர் வண்டி நேரத்துக்கு வந்துவிடும்.

கேள்வி: நான் படூரில்தான் இருக்கிறேன். நீங்கள் சொல்வது காகிதக் கணக்கு. சோழிங்கநல்லூர் சந்திப்பில் காலை ஒன்பது மணிக்கு எந்தத் திசையும் எதிர்த்திசை இல்லை.

பதில்: எங்கள் அலுவலகம் சந்திப்புக்குத் தெற்கே இருந்ததால் திருப்போரூர் வண்டி அந்தச் சிக்னலைத் தொடவே இல்லை என்பதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆனாலும் சந்திப்பைத் தாண்டியதும் உங்களுக்குச் சாலை திறந்துவிடுகிறதா இல்லையா?

கேள்வி: திறக்கிறது, அதுவரை இருபது நிமிடம் போய்விடுகிறது. மேடவாக்கத்திலிருந்து வருபவர்களும், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இணைப்புச் சாலையில் வருபவர்களும் அங்கேதான் வந்து சேர்கிறார்கள். மெட்ரோ வேலைக்கான தடுப்புகளால் இருந்த அகலமும் போயிற்று.

பதில்: ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் விதியை இப்படித் திருத்துகிறேன்: வீடும் வேலையும் சோழிங்கநல்லூர் சந்திப்பின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். சிறுசேரியில் வேலை என்றால் கேளம்பாக்கம், தையூர். துரைப்பாக்கத்தில் வேலை என்றால் சந்திப்புக்கு வடக்கே. அடையாறா படூரா என்று கேட்டவர் இரண்டையும் விட்டுவிட்டுக் காரப்பாக்கத்தில் தேடட்டும்.

கேள்வி: நான் மேடவாக்கம். அந்தச் சந்திப்பைத் தொடாமலேயே பெரும்பாக்கம் வழியாக ஓ.எம்.ஆர். போகலாமே?

பதில்: போகலாம், உங்களைப் போல் எல்லாரும் போகலாம் என்று நினைக்கும் வரை. குறுக்குவழியை நம்பி நான் வண்டி அனுப்பிய ஒரு நவம்பர் மாலை, முழங்கால் அளவு தண்ணீரில் அது நின்றுபோய், ஏழு பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அதன் பிறகு மழைக்காலத்துக்குத் தனி ரூட் ஷீட் போட்டேன்.

கேள்வி: பெரும்பாக்கத்தில் வாடகை மிகக் குறைவாக இருக்கிறதே, ஏன்?

பதில்: மேலே சொன்ன ஏழு பேரைக் கேளுங்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் சேரும் வெள்ளம் ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்த்தான் கடலைச் சேர வேண்டும். அந்த வழி அடைபட்டால் சுற்றியுள்ள தெருக்களில் தேங்கும். 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதுதான் நடந்தது. எல்லாத் தெருவும் மூழ்காது என்பதும் உண்மை. தெருமுனையில் துணி தேய்ப்பவரிடம், 2023-ல் வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்று கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: எழுபது வயதைத் தாண்டிய பெற்றோரை மேற்கு மாம்பலத்திலிருந்து நாவலூருக்கு அழைத்துப் போகலாமா? புது வீடு 14-வது மாடி, லிப்ட் உண்டு.

பதில்: மாம்பலத்தில் அவர்களுக்குக் கோயிலும் காய்கறிக் கடையும் மருந்துக்கடையும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன, கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நாவலூரில் ஒரு மாத்திரை அட்டை வாங்க வேண்டும் என்றாலும், லிப்டில் இறங்கி, வளாகத்தைக் கடந்து, ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் நீங்கள் வரும் வரை காத்திருக்க வேண்டும். உங்கள் பயண நேரம் ஒரு மணி குறையும் என்பதற்காக அவர்களுடைய நாள் முழுவதையும் மாற்றுகிறீர்கள். முதலில் ஒரு மாதம் விருந்தாளிகளாக அழைத்துப் போங்கள். இரண்டாவது வாரத்திலேயே உங்கள் அம்மாவின் முகம் பதில் சொல்லிவிடும். மாம்பலம் வீட்டை அதுவரை காலி செய்யாதீர்கள்.

கேள்வி: செங்கல்பட்டு அருகே மகேந்திரா சிட்டியில் வேலை. தாம்பரமா, கூடுவாஞ்சேரியா?

பதில்: கொடுத்துவைத்தவர். பரனூர் நிலையம் வாசலிலேயே இருக்கிறது. காலையில் நகரத்தை நோக்கி நெரிசலாக ரயில் போகும்போது நீங்கள் எதிர்த்திசையில் உட்கார்ந்து போவீர்கள். ரயில் விஷயத்தில் என் எதிர்த்திசைக் கணக்கில் படூர்க்காரரும் குறை காண முடியாது. கடைகண்ணி, பேருந்து வசதிக்குத் தாம்பரம், வாடகைக்குக் கூடுவாஞ்சேரி. நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் பாருங்கள். தண்ணீரை விசாரியுங்கள்.

கேள்வி: வேளச்சேரியிலிருந்து சிறுசேரி எத்தனை கிலோமீட்டர்? எவ்வளவு நேரம் ஆகும்?

பதில்: இதே கேள்வி நான்காவது முறை வருகிறது. கிலோமீட்டரைக் கைப்பேசியே சொல்லும். நேரத்தைத் திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு நீங்களே கிளம்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காரில் போய் வீடு பார்த்துவிட்டு நாற்பது நிமிடம்தான் ஆயிற்று என்று யாரும் எழுத வேண்டாம்.

கேள்வி: மெட்ரோ சிறுசேரி வரை வரப்போகிறது. அதை நம்பி இப்போதே அங்கே குடிபோகலாமா?

பதில்: மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை சுமார் 45 கிலோமீட்டர்ப் பாதை அது. வாடகைக்குப் போகிறவர் இன்றைய சாலைக்கு வாடகை கொடுத்தால் போதும். ரயில் ஓடத் தொடங்கியதும் பெட்டியைக் கட்டலாம்.

கேள்வி: பெரம்பூரிலிருந்து எழுதியவன். மகளை அழைத்து வருவது என் அப்பாதான். மேலாளர் செவ்வாய், புதன், வியாழன் என்று ஒத்துக்கொண்டார். நாவலூரில் பங்கு அறை ஒன்று பார்த்தேன். குழாயில் உப்புப் பூத்திருக்கிறது. என்ன செய்ய?

பதில்: வாரத்தில் இரண்டு இரவுதானே, குளித்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீர் கேன் போடச் சொல்லுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு கேட்கிறார்கள்?