பினாங்கு வெயிலில் சைக்கிள் ஓட்ட முழுக்கைச் சட்டை போட்டால் வெந்துவிடாதா?

தெலுக் பஹாங் வழியாக பாலிக் புலாவ் வரை ஓட்டுகிறவர்கள் பலருக்கும் இந்தப் பயம் உண்டு. துணி சரியாக இருந்தால் வேகாது. மெல்லிய, காற்றோட்டமான முழுக்கைச் சட்டை வெயில் நேரடியாகத் தோலில் படாமல் காக்கும். வியர்வையும் சீக்கிரம் உலரும்.

லேபிளில் யூபிஎஃப் எண்ணைப் பாருங்கள்; துணி புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் அளவு அது. யூபிஎஃப் 50 என்றால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் உள்ளே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-சட்டையில் பெரும்பாலும் யூபிஎஃப் 10-கூட இருக்காது. நனைந்தால் இன்னும் குறையும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது பத்து நிமிடத்தில் நனைந்துவிடும்! அதனால் நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் அல்லது நைலான் வாங்குங்கள்.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். இறுக்கி இழுபட்டால் இழைகள் விலகி, கதிர் புகும். முன்பக்கம் முழு ஜிப் இருந்தால் ஏற்றத்தில் திறந்துவிடலாம். கைக்கு மட்டும் மாட்டும் தனி உறை வாங்குவதென்றால் அரைக்கை ஜெர்சியோடு சேர்த்துப் போடலாம், அதுவும் நல்லதுதான்.

அப்புறம் பிடரி. குனிந்து ஓட்டும்போது வெயில் அங்கேதான் இறங்கும், உயரமான காலர் கட்டாயம் வேண்டும். புறங்கைக்கு உறை, முகத்துக்கு சன்ஸ்கிரீன். மேகமாக இருந்தாலும் இவற்றை விடாதீர்கள்.