கவிதைத் தொகுப்புக்கு அட்டை வடிவமைக்க ஒரு ஃப்ரீலான்சர் 6,000 ரூபாய் கேட்கிறார். ஒரு மணி நேர வேலைக்கு இது நியாயமா?

நியாயம்தான். பல வருடங்களாகப் புத்தகங்களுக்கு ராப்பர், அதாவது மேலட்டை, செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது ஒரு மணி நேர வேலை இல்லை.

முதலில் பிரதியைப் படிக்க வேண்டும். முழுதாகப் படிக்காமல் நான் தொடங்குவதில்லை. அதற்கே இரண்டு நாள் போய்விடும். அப்புறம் மூன்று நான்கு மாதிரிகள். தலைப்பு எழுத்து ஒரு தனி வேலை. இரண்டு வரியில் தலைப்பு வந்தால், மேல் வரியில் இருக்கும் 'ழு'வின் கீழ் வளைவு கீழ் வரியில் இருக்கும் 'தி'யின் மேல் வளைவில் போய் முட்டும். எழுத்துருவை நம்பி விட்டுவிட முடியாது, ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்தி உட்கார வைக்க வேண்டும்.

ஒரு வருடம், சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய டிசம்பர் மாதத்தில் 160 பக்கப் புத்தகம் ஒன்று வந்தது. 70 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) தாள் என்பதால் முதுகு, அதாவது அலமாரியில் நிற்கும்போது தெரியும் பக்கம், 8 மில்லிமீட்டர் வைத்து முடித்துக் கொடுத்தேன். இரவு பத்து மணிக்குப் பதிப்பாளர் போன் செய்தார். "தம்பி, முன்னுரை பெரிசா வந்துருச்சு, பின்னிணைப்பும் சேருது. ரெண்டு ஃபாரம் கூடிடுச்சு." அதாவது 32 பக்கம். முதுகு ஒன்றரை மில்லிமீட்டர் தடிக்கும். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். அப்படியே விட்டால் முதுகில் நடுவாக நிற்க வேண்டிய தலைப்பு ஒரு பக்கமாக ஒதுங்கி, பின்னட்டை நிறம் முதுகுக்குள் ஏறிவிடும். படத்தையே இழுத்து, எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினேன். விடிகாலையில்தான் அச்சகத்துக்கு பிடிஎஃப் போனது.

அந்தப் புத்தகத்துக்குப் பதிப்பாளர் முன்பணம் கொடுத்த பிறகுதான் தாள் கடையிலிருந்து ரீம் இறங்கியது. அச்சகம், லேமினேஷன், பைண்டிங் எல்லாருக்கும் புத்தகக் கட்டு வெளியே வருவதற்குள் பணம் போய்விட்டது. ஸ்டால் வாடகையும் முன்பே கட்டியாயிற்று. என்னிடம் மட்டும், "புத்தகம் போகட்டும் தம்பி, பார்த்துக்கலாம்" என்றார். மே மாதம் பாதித் தொகை வந்தது. மீதி வரவே இல்லை. அதே ராப்பரோடு இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. கடையில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. விற்ற புத்தகத்துக்குப் பணம் அவருக்கும் தாமதமாகத்தான் வரும். ஆனால் அந்தச் சமாதானத்தை அவர் தாள் கடையில் சொல்ல முடியாது, என்னிடம் சொல்ல முடிகிறது. நான் செய்வதை எடை போட்டுக் காட்ட முடியவில்லை என்பதாலேயே கடைசி ஆளாக நிற்கிறேன்.

ஒழுங்காகச் செய்தால் மாதம் ஐந்தாறு ராப்பர்தான் முடியும். வீட்டு வாடகை, மென்பொருள் சந்தா, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான். பிஎஃப், இஎஸ்ஐ எதுவும் கிடையாது. காய்ச்சலில் படுத்தால் அந்த வாரம் வருமானம் இல்லை.

எங்களில் பலருக்கே தெரியாத ஒரு சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். தனி ஆளாக வேலை செய்யும் டிசைனரும் மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் ஆதார், பான் வைத்து இலவசமாகக் குறுந்தொழிலாகப் பதிவு செய்யலாம். அப்படிப் பதிந்தவருடைய வேலையை ஏற்றுக்கொண்டால், எழுத்தில் என்ன பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிந்துவிடுவது நல்லது. நான் பதிந்தது அந்த மே மாதத்துக்குப் பிறகுதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 6,000க்கு ஒப்புக்கொண்டு பாதியை முன்பணமாகக் கொடுங்கள். எத்தனை முறை திருத்தம் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். பக்க எண்ணிக்கை முடிவான பிறகு முதுகு அளவு கேளுங்கள். அச்சுக்கான ஃபைல் கைக்கு வந்த அன்றே மீதியை அனுப்பிவிடுங்கள். உள்பக்கத்தில் 'அட்டை வடிவமைப்பு' என்று அவர் பெயரையும் போடுங்கள்.