கழனியை விற்க வேண்டாம் அம்மா

அம்மா, போன சனிக்கிழமை நீங்களும் மகளும் திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்து பேசிவிட்டுப் போனீர்கள். கிளம்பும்போது உங்கள் கண் கலங்கியிருந்தது. "கவலைப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது என்று அன்று இரவே தோன்றியது. மகளின் பொறியியல் சீட்டுக்கு வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்லிப் பெரியப்பா கெடு வைத்திருக்கிறார் என்றீர்களே, அதனால் சொல்ல வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன். இதே நெருக்கடியில் வேறு வீடுகளும் இருப்பதால், உங்கள் பெயர் இல்லாமல் பொதுவில் எழுதுகிறேன்.

அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்காக ஒன்றேகால் ஏக்கர் கழனியை விற்பது என்ற இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு சதவீதம்கூட உடன்பாடு இல்லை. உங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடம் 2021 முதல் ஒதுக்கப்படுகிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. செலவில்லாமல் படிக்க வழி இருக்கும் பிள்ளைக்கு நிலத்தை விற்று சீட் வாங்குவது என்ன நியாயம்? அந்தக் கழனிதான் உங்கள் வீட்டுச் சாப்பாடு. கடைசிப் பையன் இன்னும் எட்டாவதுதான் படிக்கிறான்.

சரி, பணத்தை விடுங்கள். ஒரு மணி நேரம் என் எதிரில் உட்கார்ந்திருந்த உங்கள் மகள், கம்ப்யூட்டர் என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. வேதியியலில் 98 எப்படி வந்தது என்று கேட்டபோதுதான் நிமிர்ந்தாள். "எங்க லேப்ல ஆசிட் பாட்டில் எல்லாம் மேல் தட்டுல இருக்கும் சார். நான்தான் கீழ் தட்டுக்கு மாத்தினேன். கை தவறி விழுந்தா முகத்துல படும்ல" என்றாள். நீங்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, நான் கவனித்தேன். திரவ அமிலங்களைக் கண் மட்டத்துக்குக் கீழேதான் வைக்க வேண்டும் என்பது ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சியில் ஆரம்பப் பாடம். யாரும் சொல்லிக் கொடுக்காமலே பதினேழு வயதில் அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் புத்திக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. ஆராய்ச்சி நிலையங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்பவர்களின் உடல்நலத்தையும் உயிரையும் காக்கிற வேலை. விளம்பரங்களில் இ.எச்.எஸ். என்று போடுவார்கள், சுற்றுச்சூழல், உடல்நலம், பாதுகாப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். ஊரில் யாரும் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள், கல்யாண வீட்டில் சொன்னால் "அப்படின்னா என்ன?" என்பார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒழுங்காக நடக்கிற ஓர் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர், அவர் எவ்வளவு பெரிய பட்டம் வாங்கியிருந்தாலும், முதல் நாளே குடுவையைத் தொட முடியாது. முதலில் பயிற்சி, பிறகு தேர்வு, அதன்பின் கையெழுத்து. ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாள் உண்டு. எது எதோடு சேர்ந்தால் வெடிக்கும், உடம்பில் பட்டால் என்ன செய்வது, தீப்பிடித்தால் எதைக் கொண்டு அணைப்பது எல்லாம் அதில் இருக்கும், அதைப் படிக்கத் தெரிய வேண்டும். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பட்டால் கழுவியது மட்டும் போதாது, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சோடியம் எரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 மடங்கு விரிந்து அறையில் இருக்கிற ஆக்சிஜனைத் தள்ளிவிடும். மூடிய அறையில் வாசனையும் வராது, எச்சரிக்கையும் இராது, ஆள் அப்படியே மயங்கி விழுவார். ஆகவே ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கருவி அலற வேண்டும்.

கதிரியக்கம் உள்ள இடமென்றால் இன்னொரு அடுக்கு சேரும். கல்பாக்கம் மாதிரி இடங்களில் வேலை செய்கிறவர் சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் குத்தியிருப்பார். அவர் உடம்பு வாங்கிய கதிர்வீச்சு அதில் பதிவாகும். ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கிற எல்லை. கிருமிகளோடு வேலை என்றால் உயிரிப் பாதுகாப்புக் குழு பார்த்து அனுமதித்திருக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிக் கொடுத்து, புரிந்ததா என்று சோதித்து, பதிவேட்டில் ஏற்றி, பயிற்சிக் காலம் கடந்துவிட்டவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, பயிற்சி முடிக்காதவர்களை "உள்ளே போகாதீங்க" என்று வாசலில் நிறுத்துகிற ஆள் ஒருவர் வேண்டும். உங்கள் மகளை நான் அந்த இடத்தில் பார்க்கிறேன்.

அந்த ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று சம்பவங்கள் சொல்கிறேன். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் 2008 டிசம்பர் 29 அன்று, 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருத்தி காற்றுப் பட்டாலே தீப்பற்றும் ஒரு வேதிப்பொருளை சிரிஞ்சில் இழுத்துக்கொண்டிருந்தாள். சிரிஞ்சின் தண்டு வெளியே வந்துவிட்டது. ஆய்வக அங்கி போட்டிருக்கவில்லை, ஸ்வெட்டரில் தீப்பிடித்தது. பதினெட்டாம் நாள் இறந்துபோனாள். அவளுக்குப் பயிற்சி கொடுத்ததற்கு ஒழுங்கான பதிவு இல்லை என்பது விசாரணையில் வந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. அந்த வழக்கில் பேராசிரியர்மீதே குற்றவியல் நடவடிக்கை பாய்ந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2018 டிசம்பர் 5 அன்று சிலிண்டர் வெடித்து ஓர் ஆய்வாளர் இறந்தார், மூவர் காயமடைந்தனர்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் வருத்துவது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1968-ல் வாங்கிய ஒரு காமா கதிர்க் கருவி 1985-க்குப் பிறகு பயன்படாமல் ஒரு அறையில் கிடந்தது. உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருப்பது யார் நினைவிலும் இல்லை. 2010-ல் பழைய இரும்போடு சேர்த்து ஏலம் விட்டார்கள். டெல்லியின் மாயாபுரியில் காயலான் கடைக்காரர்கள் அதைப் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஒரு பதிவேட்டை ஆண்டுக்கொரு முறை திறந்து பார்க்கிற ஒருவர் இருந்திருந்தால் அந்தக் கூலித் தொழிலாளி உயிரோடு இருந்திருப்பார். "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று பெரியப்பா கேட்டால், மாயாபுரிக் கதையைச் சொல்லுங்கள்.

வேலை கிடைக்குமா என்பது உங்கள் அடுத்த கேள்வி. 1976-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, 1000 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலையில் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்றார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள, தொழிற்பாதுகாப்புக்கான புதிய தொகுப்புச் சட்டம் அதை 500 ஆக்கியிருக்கிறது. ஆபத்தான செயல்முறை உள்ள ஆலை என்றால் 250 பேர் இருந்தாலே போதும். சட்டமே ஆள் கேட்கிற துறை இது. அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம், காரைக்குடி மின்வேதியியல் நிலையம், மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிற இடம் என்று நம்மூர் ஆராய்ச்சி நிலையங்களில் இந்த அறிவு இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். அரசு நிலையங்களில் இதற்கென்று தனிப் பதவிகள் குறைவு, போட்டியும் உண்டு. அவள் முதலில் கால் ஊன்றப் போவது பெரும்பாலும் தனியார் மருந்து நிறுவன ஆய்வகத்திலோ வேதி ஆலையிலோதான். ஆய்வு நிலையத்துக்கு அங்கிருந்து போகலாம்.

வழி இதுதான். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்யுங்கள். விருப்பப் பட்டியலில் கிண்டி ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) கெமிக்கல் இன்ஜினியரிங் முதலில், அதன்பின் மற்ற நல்ல கல்லூரிகளின் கெமிக்கல். அது அமையவில்லையா, அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். பாதுகாப்பு அதிகாரி ஆவதற்கு வழக்கமான தகுதி விதி என்ன கேட்கிறது என்றால், பொறியியல் பட்டம் இருந்தால் ஆலையில் மேற்பார்வைப் பொறுப்பில் 2 ஆண்டு, இயற்பியலோ வேதியியலோ என்றால் 5 ஆண்டு. கூடவே அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ. அதை ஓராண்டு முழுநேரப் படிப்பாக நடத்துவது சென்னையிலேயே இருக்கிற மண்டலத் தொழிலாளர் நிறுவனம், மத்திய அரசுடையது. அப்புறம் அந்த விதியில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. அந்த வட்டாரத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பேசும் மொழி அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலீஷ் வராது என்று உங்கள் மகள் கூனிக் குறுகுகிறாளே, வால்வைத் திருகுகிறவரிடம் ஆபத்தைத் தமிழில் புரிய வைக்கத் தெரிவதும் இந்த வேலைக்கு ஒரு தகுதி என்று அவளிடம் சொல்லுங்கள். இங்கிலீஷையும் அவள் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், தரவுத்தாள்கள் அதில்தான் வருகின்றன. ஆனால் அது மூன்று நான்கு ஆண்டில் வந்துவிடும்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். "ஆறே மாதத்தில் ஃபயர் அண்ட் சேஃப்டி, உடனே துபாய் வேலை" என்று பஸ் ஸ்டாண்டு சுவர்களில் ஒட்டியிருப்பார்கள். பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே போய்ப் பணம் கட்டாதீர்கள். நெபோஷ் போன்ற வெளிநாட்டுச் சான்றிதழ்கள் உண்மையானவை, மதிப்பும் உண்டு. ஆனால் ஒரு நாள்கூட ஆலைக்குள் கால் வைக்காத பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? அனுபவம் முதலில், அந்தச் செலவு பிறகு, அதுவும் அவள் சம்பாதித்த பணத்தில்.

கஷ்டமும் இருக்கிறது. ஷிப்ட் உண்டு, நாள் முழுக்க நிற்க வேண்டிவரும். அவசரமாக உற்பத்தி நடக்கும்போது "பெர்மிட் இல்லை, வேலையை நிறுத்துங்க" என்று தன்னைவிட இருபது வயது மூத்தவரிடம் சொல்ல வேண்டியிருக்கும், அவர்கள் முறைப்பார்கள். சனிக்கிழமை பெரியப்பா போனில் பேசியபோது அவள் குரல் எழும்பவே இல்லை. ஆனால் பள்ளியில் ஆசிரியரைக் கேட்டுத்தான் பாட்டில்களை மாற்றினாயா என்று நான் விசாரித்தேன். "மொதல்ல வேண்டாம்னுதான் சொன்னாங்க. மூணு தடவ கேட்டேன்" என்றாள். அந்தப் பிடிவாதம் எனக்குப் போதும்.

வியாழக்கிழமை மாலை நான் இருக்கிறேன். மாற்றுச் சான்றிதழ், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் நான்கையும் எடுத்துவாருங்கள், இங்கேயே பதிவு செய்துவிடலாம். பெரியப்பாவையும் கட்டாயம் அழைத்துவாருங்கள். அவர் கெட்டவர் இல்லை, தம்பி மகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அலைகிறார். அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.