இருவருக்கான அளவு

வணக்கம்.

மாசியில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம், அவருக்குத் தூத்துக்குடி. இருவருக்கும் கோவையில் வேலை. சரவணம்பட்டியில் வாடகை வீடு. சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சாயங்காலம் வந்து சேர்ந்ததும் அவர் தரையில் உட்கார்ந்து பூண்டு உரிப்பார், நான் அரிசி களைவேன். அன்றைய கதையெல்லாம் அப்போதுதான் பேசுவோம். நாளிலேயே எனக்கு மிகப் பிடித்த நேரம் அது.

ஆனால் காலைக் காபி சரியாக வருவதில்லை. பாட்டி ஆசையாகக் கொடுத்த பித்தளை ஃபில்டரில்தான் போடுகிறேன். ஆறு பேருக்கானது. டிகாக்ஷன் தண்ணியாக இறங்குகிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போகிறார். போன வாரம்தான் தெரிந்தது, ஆபீஸ் போனதும் கீழே கடையில் டீ குடிக்கிறார் என்று. அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. இட்லி மாவும் அப்படித்தான், மூன்றாம் நாளே புளித்துப்போய்க் கொட்டுகிறோம். அம்மாவிடம் கேட்டால் "எல்லாம் கண் அளவுதான்" என்கிறாள். அவள் கண் ஆறு பேருக்குப் பழகிய கண்.

இத்தனை சின்ன விஷயத்துக்கெல்லாம் மனசு இப்படிச் சுருங்கலாமா? ஆடிக்கு ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போகிறேன். அதற்குள் இதையெல்லாம் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

ர., கோவை

*

அன்புள்ள ர.,

சுருங்கலாம், தவறில்லை. பெரிய முடிவுகள் வருடத்துக்கு இரண்டோ மூன்றோ வரும். காபி தினமும் வருகிறது. புதிதாகக் குடித்தனம் வைத்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வது பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டிகாக்ஷன் தண்ணியாக இறங்குவது ஃபில்டரின் குறை. அதை உங்கள் கைக்குறை என்று எடுத்துக்கொண்டீர்கள். அவர் வெளியே டீ குடித்ததை அன்பில் விழுந்த குறை என்று எடுத்துக்கொண்டீர்கள். பாத்திரத்தின் மேல் போட வேண்டிய பழி ஆளின் மேல் விழுந்துவிடுகிறது. முதல் வருடத்து வருத்தங்களில் பாதி இந்த வகைதான் என்று நினைக்கிறேன். அதனால் முதலில் பாத்திரத்தைப் பார்த்துவிடுவோம்.

ஆறு பேருக்கான ஃபில்டர் ஏறக்குறைய மூன்று அங்குல அகலம் இருக்கும். இருவருக்கு வேண்டிய தூள் மூன்று குவித்த மேசைக்கரண்டி, அதாவது சுமார் 20 கிராம். அதை அவ்வளவு அகலத்தில் பரப்பினால் அரை அங்குல உயரம்கூட நிற்காது. மேலே ஊற்றுகிற வெந்நீர் தூளோடு சேர்ந்து ஊற நேரமில்லாமல் நேராக ஓடிவிடும். சாரம் தூளிலேயே தங்கிவிட, நிறம் மட்டும் கீழே வரும். இரண்டே கால் அங்குல அகலமுள்ள சின்ன ஃபில்டரில் அதே தூள் முக்கால் அங்குலத்துக்கு மேல் நிற்கும். தண்ணீர் அதைக் கடந்துவர நேரமெடுக்கும், டிகாக்ஷன் கெட்டியாக வரும். உங்கள் கையில் எந்தக் கோளாறும் இல்லை. பாத்திரக் கடையில் இரண்டு டம்ளர் எவர்சில்வர் ஃபில்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

தூளைப் போட்டு லேசாகத் தட்டிச் சமன்செய்தால் போதும், அழுத்தக் கூடாது. குடை போன்ற அந்தத் தட்டை அதன்மேல் வையுங்கள். தண்ணீர் 150 மில்லி. கொதி வந்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட்டு, முதலில் இரண்டு கரண்டி மட்டும் சுற்றிலும் ஊற்றித் தூளை நனையவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்து மீதியை ஊற்றி மூடுங்கள். தூள் தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஆகவே 150 ஊற்றினால் 110 மில்லி அளவுதான் இறங்கும். ஆளுக்கு 50 மில்லி டிகாக்ஷன், 100 மில்லி பால். பால் பொங்கி வரும்போதே கலக்க வேண்டும். இறக்கி வைத்து ஆறிய பாலைத் திரும்பச் சுடவைத்தால் அந்த மணம் வராது.

பத்திலிருந்து பதினைந்து நிமிடத்தில் டிகாக்ஷன் இறங்கி முடிய வேண்டும். மூன்றே நிமிடத்தில் இறங்கிவிட்டால் தூள் கொரகொரப்பாக இருக்கிறது அல்லது போதவில்லை. அரை மணி நேரமாகியும் மேலே தண்ணீர் நின்றால் தூள் மாவாக அரைந்திருக்கலாம், சிக்கரி கூடியிருக்கலாம், துளை அடைத்திருக்கலாம். சில சமயம் மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுகிப்போய்க் காற்று வெளியேற வழியில்லாமல் நிற்கும். லேசாகத் தூக்கி வைத்தால் உடனே சொட்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளைகளைப் பாருங்கள். அடைத்திருந்தால் எவர்சில்வர் ஃபில்டரைத் தீயில் காட்டி எரித்துத் துலக்கலாம். பாட்டியின் பித்தளை ஃபில்டரை மட்டும் ஒருபோதும் தீயில் காட்டாதீர்கள். உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசியிருந்தால் அது 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்பக்கத்தைப் புளிபோட்டுத் தேய்க்கவும் வேண்டாம். வெளிப்பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம்.

தூளை 100 கிராமாக வாங்குங்கள், ஐந்து நாளில் தீர்ந்துவிடும். மலிவு என்று அரைக் கிலோ வாங்கி வைத்தால் பாதி நாளுக்கு மணமில்லாத காபிதான். சிக்கரி நூற்றுக்கு இருபது இருந்தால் கெட்டியும் நிறமும் கிடைக்கும், காபியும் மறையாது. சட்டப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். மீதியெல்லாம் சிக்கரியாகவே இருக்கிற பாக்கெட்டும் கடையில் உண்டு. சதவீதம் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

இனி அவருடைய டீ. டீ குடித்து வளர்ந்தவராக இருந்தால் எவ்வளவு நல்ல காபியும் அந்த இடத்தை நிரப்பாது. கேட்டுவிடுங்கள். கேட்கிற நேரம் முக்கியம்: டம்ளர் கையில் இருக்கும்போது கேட்டால் அது விசாரணை ஆகிவிடும். பூண்டு உரிக்கிற நேரத்தில் "உனக்கு டீதான் பிடிக்குமா?" என்று கேட்டால் அது வெறும் கேள்வி. பிடிக்கும் என்றால் காலை உங்கள் காபி, சாயங்காலம் அவர் போடுகிற டீ என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கு 200 மில்லி தண்ணீர், 150 மில்லி பால், இரண்டு டீஸ்பூன் டஸ்ட் தூள். நீலகிரித் தூள் உங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கும். இஞ்சி போடுவதானால் தட்டித் தண்ணீரிலேயே போட்டு இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகுதான் பால். பச்சை இஞ்சியில் பாலைத் திரிய வைக்கிற நொதி ஒன்று இருக்கிறது, கொதித்தால் அது செயலிழந்துவிடும். பால் திரிந்ததும் பால்காரரைத் திட்டுவோம். பல நேரம் காரணம் இஞ்சிதான்.

மாவுக்கு வருவோம். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு, நல்ல கிரைண்டர் உங்களிடமும் இருக்கும். ஆனால் இரண்டு லிட்டர் கிரைண்டரில் 100 கிராம் உளுந்து போட்டால் அது கல்லுக்கடியில் சிக்காமல் சுவரோரமாக ஒதுங்கிவிடும், பொங்காது. உளுந்து பொங்காத இட்லி கல்லாகத்தான் வரும். அதனால்தான் பலர் நிறைய அரைக்கிறார்கள், நிறைய அரைத்தது புளிக்கிறது. நடுவழி ஒன்று உண்டு. 600 கிராம் இட்லி அரிசிக்கு 150 கிராம் முழு உளுந்து, அரை டீஸ்பூன் வெந்தயம். இது கிரைண்டரில் ஒழுங்காக அரையும். உளுந்தை முதலில் தனியாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து 25, 30 நிமிடம் அரையுங்கள். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். அரிசியை ரவைப் பதத்தில் எடுத்துக் கலந்ததும் உடனே இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் உப்புப் போட்டுக் கையால் கலக்கிப் புளிக்க வையுங்கள். மறுபாதியை உப்பே போடாமல் நேராக ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்றாம் நாள் இரவு அதை வெளியே எடுத்து, உப்புப் போட்டுப் புளிக்க விட்டால் மறுநாள் புது மாவு. குளிர்ந்திருந்த மாவு என்பதால் இரண்டு மூன்று மணி நேரம் கூட ஆகும், முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

புளிக்க வைத்த பாதியிலும் மூன்று இடத்தில் கோளாறு வரும். முதலாவது, சித்திரை வைகாசி வெயிலில் ஆறு மணி நேரத்திலேயே மாவு எழும்பிவிடும். இரவு எட்டு மணிக்கு வைத்துவிட்டுக் காலை ஏழுக்குப் பார்த்தால் காரியம் முடிந்திருக்கும். படுக்கப் போகும்போது வையுங்கள். மார்கழியில் கதையே தலைகீழ், 12 மணி நேரம்கூடப் போதாமல் இருக்கும். இரண்டாவது, ஆழமான பாத்திரத்தில் முழு மாவையும் ஃபிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி குளிர்வதற்கே சில மணி நேரம் ஆகும், அதுவரை அது புளித்துக்கொண்டேதான் இருக்கும். தட்டையான டப்பா நல்லது. மூன்றாவது, தினமும் மொத்தப் பாத்திரத்தையும் வெளியே எடுத்து, வேண்டியதை ஊற்றி, அரை மணி நேரம் மேடையிலேயே விட்டுத் திரும்ப உள்ளே வைப்பது. உங்கள் வீட்டில் மாவு கெடுவது பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். வேண்டியதை மட்டும் கிண்ணத்தில் எடுங்கள். எடுத்ததில் மீந்ததைத் திரும்பக் கொட்டாதீர்கள்.

அம்மாவின் அளவை மூன்றால் வகுத்தால் எல்லாம் சரியாகிவிடாது. புளி வகுபடும்: எலுமிச்சை அளவு என்று அவர் சொன்னால் உங்களுக்கு நெல்லிக்காய் அளவு. தாளிப்பு வகுபடாது. கடுகு வெடிக்க அதை மூடுகிற அளவு எண்ணெய் வேண்டும். அகலமான வாணலியில் அரை டீஸ்பூன் எண்ணெய் பரவிப்போய்க் கடுகு கருகும். இரும்புத் தாளிப்புக் கரண்டி ஒன்று வாங்கினால் ஒரு டீஸ்பூன் எண்ணெயே குழியில் தேங்கி நிற்கும். பெரிய பாத்திரத்தில் வைக்கிற கொஞ்சம் சாம்பார் சீக்கிரம் வற்றி உப்புக் கரிக்கும். உப்பைப் பாதி முதலிலும் மீதியை இறக்கும்போதும் போடுங்கள். ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு டம்ளர் அரிசியை நேராக வைத்தால் அடிப்பிடிக்கும். உள்ளே கிண்ணம் வைத்து அதில் வேகவையுங்கள்.

தூத்துக்குடிக்காரர் வந்த வீட்டில் தேங்காய் அரைத்த குழம்பு வந்தே ஆக வேண்டும். தயவுசெய்து அதையும் தஞ்சாவூர் சாம்பாரையும் கலந்து பொதுவாக ஒரு குழம்பு கண்டுபிடிக்காதீர்கள். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ருசியாகிவிடும். ஒரு நாள் அது, ஒரு நாள் இது. அரைத்த தேங்காயைக் கடைசியில் விட்டு, நுரை கூடி ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். நின்று கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரியும். அவர் ஊர்க் குழம்பை அவரே வைக்கட்டும்.

வேலையைப் பிரிப்பதிலும் இதையே சொல்வேன். ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பங்கு போடாமல் முழுதாகக் கொடுத்துவிடுங்கள். மாவு அவர் பொறுப்பு என்றால் ஊறவைப்பதிலிருந்து கிரைண்டர் கல்லைக் கழுவிக் கவிழ்ப்பது வரை அவரே. நீங்கள் அரைத்து, அவர் கழுவி, நீங்கள் "ஓரத்தில் மாவு ஒட்டியிருக்கு" என்று சொல்ல நேர்ந்தால் அதை உதவி என்பார்கள், உதவிக்கு எப்போதும் ஒரு மேற்பார்வை தேவைப்படும். முழுப் பொறுப்பு கையில் வந்தால் முதல் இரண்டு தடவை இட்லி சுமாராக இருக்கும், மூன்றாவது தடவை அவருக்கே அந்த மாவின் மேல் ஒரு கர்வம் வரும். அந்த இரண்டு தடவையும் நீங்கள் வாய்திறக்காமல் சாப்பிட வேண்டும், அதுதான் கடினம். பூண்டு உரிக்கிற வேளையை மட்டும் பிரிக்காமல் அப்படியே விடுங்கள். அவசரத்துக்கு உரித்த பூண்டு பாக்கெட் வாங்குகிற யோசனை வந்தால் அதையும் தள்ளிவையுங்கள்.

ஆடிக்கு நீங்கள் போகிற வாரத்தில் ஒருவருக்கு மாவு அரைப்பது வீண்வேலை. உப்புப் போடாத பாதி மாவை வைத்துவிட்டுப் போனால் அவருக்கு நாலைந்து நாள் ஓடும், கடைசி இரண்டு நாள் ஊத்தப்பமாக வார்த்துக்கொள்ளட்டும். தயிருக்கு 100 மில்லி பால், விரல் பொறுக்கிற சூடு, கால் டீஸ்பூன் உறை. கூட ஊற்றினால் காலையிலேயே புளிக்கும். தினமும் உறையூற்ற மறந்து அந்த உறை கெட்டுப்போகலாம் என்று தோன்றினால், கிளம்புவதற்கு முன் புளிக்காத தயிரில் ஒரு டீஸ்பூன் எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் வெளியே எடுத்து உருகவிட்டு உறையூற்றலாம். முதல் தடவை மட்டும் தோய இரண்டு மணி நேரம் அதிகம் பிடிக்கும்.