தொய்வும் இரத்தப் பரிசோதனையும்: கேட்டவற்றுக்குப் பதில்

இரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களோடு ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் நின்றவன் நான், டொக்டர் இல்லை. மருந்தைக் கூட்டவா குறைக்கவா என்று கேட்டால் கிளினிக்குக்குத்தான் அனுப்புவேன். தொய்வுக்கு (ஆஸ்துமாவுக்கு) எடுக்கும் ரிப்போட்டில் வரும் புரதங்களைப் பற்றிக் கேளுங்கள்.

மகனுக்கு 7 வயது. ஐஜிஈ 900 என்று வந்திருக்கிறது. தொய்வுதானே? (கொக்குவில்)

அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது, தங்கச்சி. ஐஜிஈ ஒவ்வாமையோடு சேர்ந்த புரதம். 1960களில் இஷிசாகா தம்பதியினர் ஒரு பக்கமும் சுவீடனில் ஜொஹான்சனும் பென்னிச்சும் இன்னொரு பக்கமுமாகக் கண்டுபிடித்தார்கள். 1968இல் பெயர் வந்தது. கரப்பன் என்ற தோல் நோய் இருந்தாலும் அது ஏறும், விடிய எழும்பியதும் தும்முகிற பிள்ளைக்கும் ஏறும், குடலில் புழு இருந்தாலும் ஏறும். பூச்சிக்குளிசை கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? தொய்வைப் பிடிப்பதற்கு ஊத வேண்டும். ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமீற்றரில் ஒருமுறை ஊதி, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துப் பம்ப் அடித்து, கால் மணி நேரம் பொறுத்து மறுபடி ஊதுவார்கள். முதல் செக்கனில் வெளிவரும் காற்று வளர்ந்தவருக்கு 12 வீதமும் 200 மில்லிலீற்றரும் கூடினால் மூச்சுக்குழாய் சுருங்கி விரிகிறது என்று அர்த்தம். 7 வயதில் பெரும்பாலான பிள்ளைகள் ஊதிக்காட்டுவார்கள்.

ஈசிபி என்று ஒரு பரிசோதனை செய்தோம். இரண்டு இடத்தில் இரண்டு எண். எது சரி? (சுன்னாகம்)

இரண்டும் சரியாக இருக்கலாம், அதுதான் சிக்கல். ஈசிபி, ஈசினோபில் என்ற வெள்ளணுவுக்குள் இருக்கும் புரதம். இரத்தத்தை எடுத்துக் குழாயில் உறைய வைக்கும்போதும் அந்த அணுக்கள் அதைக் கக்கிக்கொண்டே இருக்கும். ஒருவர் 1 மணி நேரத்தில் சுழற்றிப் பிரித்தால் ஒரு எண், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து 2 மணி நேரத்தில் பிரித்தால் இன்னொரு எண். அறைச் சூடும் அதை மாற்றும். எங்கள் வெக்கையைச் சொல்லவேண்டுமா! நேரமும் சூடும் குறித்துவைக்காத ஈசிபி ரிப்போட்டை நான் நம்புவதில்லை.

அதைவிடச் சாதாரண முழு இரத்த எண்ணிக்கையில் வரும் ஈசினோபில் கணக்கு மலிவு, உதவியும் கூட. அது அணு, புரதமில்லை. ஆனாலும் ஐஎல்-5 என்ற புரதத்தின் ஏவலில்தான் பெருகுகிறது. மெப்போலிசுமாப் என்ற தொய்வு ஊசிமருந்து அந்த ஐஎல்-5ஐத்தான் தடுக்கிறது, அதனால் அதைத் தொடங்குமுன் இந்தக் கணக்கைப் பார்ப்பார்கள். ஒன்று கவனம்: முந்தின நாள் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை போட்டுவிட்டு வந்தால் ஈசினோபில் விழுந்துபோயிருக்கும். குருதி எடுப்பவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பெரியொஸ்ரின் செய்யச் சொல்கிறார். (சாவகச்சேரி)

காசை வைத்திருங்கள், தம்பி. ஐஎல்-5 போன்ற இன்னொரு ஏவல் புரதமான ஐஎல்-13 தூண்டும்போது மூச்சுக்குழாயின் உட்சுவர் சுரக்கும் புரதம் அது. 2011இல் ஐஎல்-13ஐத் தடுக்கும் லெப்ரிகிசுமாப் மருந்துச் சோதனையில், பெரியொஸ்ரின் கூடியவர்களுக்குப் பலன் கூட என்று வந்ததும் எல்லோரும் துள்ளினார்கள். பிறகு வந்த பெரிய சோதனைகளில் அந்தத் துள்ளல் அடங்கிவிட்டது. எலும்பிலிருந்தும் அது வருவதால் வளரும் பிள்ளைகளில் தானாகவே கூடியிருக்கும்.

தொய்வுக்கு ஓமலிசுமாப் ஊசி போடுகிறேன். ஐஜிஈ முன்னைவிடக் கூடியிருக்கிறது! (நல்லூர்)

பயப்பட வேண்டாம், அக்கா. ஊசிமருந்து ஐஜிஈயைப் பிடித்துக் கட்டிவைக்கிறது. கட்டிய பொட்டலம் இரத்தத்தில் கூடநாள் சுற்றும். இயந்திரம் அதையும் சேர்த்தே எண்ணும். ஊசிக்குப் பலன் உண்டா என்று இரவு எத்தனை தரம் எழும்பினீர்கள் என்பதில் பாருங்கள்.

புகையிலைக்குப் புகைபோடும் குடிலில் வேலை. இழுப்பு வருகிறது, ஆனால் எல்லா ரிப்போட்டும் நோர்மல். (புன்னாலைக்கட்டுவன்)

ஐயா, ஐஜிஈயும் ஈசினோபிலும் ஏறாத தொய்வும் உண்டு. புகை மூச்சுக்குழாயை நேரே உறுத்தும். ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீற்றர் ஒன்று வாங்கி, குடிலுக்குப் போகும் 2 கிழமையும் போகாத 2 கிழமையும் காலை மாலை ஊதி, கொப்பியில் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். சுருட்டுப் பழக்கம் இருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.